பாயின் தரம் வயலில் பிறக்கிறது
பத்தமடைக் கோரை சாகுபடியும் சாதாப் பட்டை நெசவும்

கோரை என்ற சொல்லைக் கேட்டாலே நெல் விவசாயிக்கு எரிச்சல் வரும். களை எடுத்து முடித்த பத்தாம் நாளே மறுபடியும் தலைகாட்டுகிற களை அது. ஆனால் அதே கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடிதான் தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள பத்தமடை என்ற ஊரின் பெயரை வெளிநாடுகள் வரை கொண்டு சென்றிருக்கிறது. துணியைப் போல மடித்து வைக்கக்கூடிய மெல்லிய பாய், மணமக்கள் பெயர் பொறித்த கல்யாணப் பாய் என்று பத்தமடைப் பாய்க்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. அந்தப் பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் தறியைப் பற்றியும் நெய்கிறவர்களின் விரல் நுட்பத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். கோரையை விளைவிப்பது, அறுப்பது, உலர்த்துவது, ஊறவைப்பது ஆகிய வேலைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்மையில் பாயின் தரத்தில் பாதிக்கு மேல் தறிக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இதை விவசாயிகள் அறிந்துகொண்டால் நீர்க்கசிவால் நெல் சரிவர விளையாத மூலை நிலம்கூட வருமானம் தரும். நெய்கிற பெண்களுக்கும் நல்ல கோரை உள்ளூரிலேயே கிடைக்கும்.

களைக்கோரை வேறு, பாய்க்கோரை வேறு

வயலில் களையாக வருவது கோரைக்கிழங்கு. இதன் தாவரப் பெயர் சைப்ரஸ் ரொட்டண்டஸ். இது குட்டையாக வளரும். மண்ணுக்கடியில் கிழங்குகளைக் கோத்துக்கொண்டு பரவும். பாய்க்கு உதவுவது சைப்ரஸ் பங்கோரி என்ற இனம். இதன் தண்டு ஆள் இடுப்புக்கு மேல் நேராக வளரும். கணு கிடையாது. தண்டை விரலில் உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டையாக இருப்பது தெரியும். நடுவில் வெண்மையான சோறு இருக்கும். வெளித்தோல் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். கணு இல்லாத நீண்ட தண்டு என்பதால்தான் நுனி முதல் அடிவரை ஒரே சீராகக் கிழிக்க முடிகிறது. புல் இனங்களில் இந்த வசதி இல்லை.

பாய்க்கோரை ஈரப்பாங்கான இடத்தை விரும்பும். ஆற்றோரம், கால்வாய்க் கரை, குளத்தின் உள்வாய், மடைக்குக் கீழே நீர் கசிகிற தாழ்வு ஆகிய இடங்களில் தானாகவே வளரும். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய், வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல் பகுதிகளுக்குப் பாசனம் தருகிறது. ஓடும் நீரும் ஈரமான கரையும் கோரையும் ஒரே இடத்தில் அமைந்ததால்தான் இந்தத் தொழில் பத்தமடையில் வேரூன்றியது. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் ஊரிலுள்ள முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் தறியை விரித்து, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் நெய்கிறார்கள். 2012-13ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோரை எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் கவலைப்பட வேண்டிய செய்தி இருக்கிறது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் ஊரைச் சுற்றி விளைந்த கோரை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கரைகளில் சீமைக்கருவேலும் நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரையும் இடம் பிடித்துக்கொண்டன. கால்வாய்க் கரைகளைச் சிமெண்ட் கொண்டு கட்டிய இடங்களில் கோரைக்கு வேர் ஊன்ற மண் இல்லை. இதனால் பத்தமடையில் நெய்யப்படும் பாய்களுக்குக் கரூர், நாமக்கல் பக்கத்துக் காவிரிக் கரையிலிருந்து கோரைக் கட்டுகளை வாங்கி வரவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

காவிரிக் கரையில் கோரை ஒரு முறையான பயிர். அங்கே அது ஏக்கர் கணக்கில் சாகுபடி செய்யப்பட்டு, விசைத்தறிப் பாய்க்குப் போகிறது. வந்தவாசி போன்ற ஊர்களில் ஓடும் விசைத்தறிகளுக்கு வேண்டியது நீளமான, முழுத் தண்டாகப் பயன்படுகிற கோரை. பத்தமடை நுண்பாய்க்கு வேண்டியது வேறு. தண்டு மெலிதாக இருக்கவேண்டும்; பச்சையாக அறுத்திருக்கவேண்டும்; சோறு நீக்கி நான்காகவும் அதற்கு மேலும் கிழித்தாலும் நார் அறாமல் வரவேண்டும். விசைத்தறிக்கு என்று விளைந்த கோரையில் இதைத் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது. பொறுக்கி எடுத்தது போக மிஞ்சுவது நெசவாளிக்கு நட்டம். போக்குவரத்துச் செலவும் அவர் தலையில்தான் விழுகிறது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் விலையைக் கீழே இழுக்கின்றன. மறு பக்கம் மூலப்பொருள் மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவதுதான் கூலி. இந்தக் கூலி போதாமல்தான் இளம் பெண்கள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள்.

ஐந்து சென்டில் தொடங்கலாம்

கோரைக்காக நல்ல நஞ்சையை ஒதுக்கவேண்டும் என்று யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. கால்வாய்க்கு அடுத்த வயலில் வரப்போரமாக எப்போதும் நீர் கசிந்து நெற்பயிர் மஞ்சளித்துக் கிடக்கும் பகுதி பலருக்கும் உண்டு. அங்கே ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று தொடங்கினால் போதும்.

விதை தேவையில்லை. நல்ல தூரிலிருந்து வேர்க்கிழங்கோடு பிரித்தெடுத்த கன்றுகளை நடவேண்டும். தாய்த்தூரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. தண்டு மெல்லியதாகவும், ஒரே பருமனாகவும், உயரமாகவும் உள்ள தூர்களை நெய்கிற பெண்களை அழைத்துக் காட்டித் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர்கள் ஒரு தண்டை நகத்தால் கீறி இழுத்துப் பார்த்தே இது கிழியுமா, அறுமா என்று சொல்லிவிடுவார்கள். நிலத்தைச் சேறாக்கி, களைக்கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எடுத்த பிறகே நடவேண்டும். முதல் சில மாதங்கள் களை எடுத்தாகவேண்டும். தூர் கட்டி நிலத்தை மூடிவிட்டால் களைத் தொல்லை குறையும்.

யூரியாவை அள்ளிப் போடக்கூடாது. தழைச்சத்து மிகுந்தால் தண்டு வேகமாகப் பருத்து, சோறு பெருத்து, காற்றில் சாயும். சாய்ந்த தண்டு வளைந்து போவதால் நுண்பாய்க்கு உதவாது. தொழு உரமும் வண்டல் மண்ணும் அடிப்படையாக இருக்கட்டும். நெருக்கமான தூர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நேராக வளரும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகளுக்கு மறுதாம்பு வந்துகொண்டே இருக்கும். கிழங்கைக் கிளறாமல் தண்டை மட்டும் அறுக்கவேண்டும். ஆற்றோரத்தில் தானாக வளர்ந்ததை அறுப்பவர்களுக்கும் இது பொருந்தும். கோரையின் வேர்க்கிழங்குகள் கரை மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் அதைத் தொடர்ந்த வெள்ளத்தையும் கண்டவர்களுக்குக் கரை மண்ணின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

மாசி அறுவடையே மேல்

பத்தமடைப் பகுதியில் கோரை அறுப்பது பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை. புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி ஒன்று. மாசி, பங்குனியில் மற்றொன்று. நுண்பாய்க்கு மாசி அறுவடையே நல்லது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அறுத்த கோரையின் மேல் மழை விழுந்தால் கறுத்துப் போகும். மாசியில் பிசான அறுவடை நடக்கும் நேரத்தில் வெயிலும் காற்றும் சீராக இருக்கும். ஆட்கள் நெல் அறுவடைக்குப் போய்விடுவார்கள் என்ற சங்கடம் உண்டு. ஐந்து சென்ட் அளவுக்கு வீட்டு ஆட்களே போதும்.

தண்டு பச்சையாக இருக்கும்போதே அறுக்கவேண்டும். பூங்கொத்து முற்றிப் பழுப்பேறும் வரை விட்டால் தோல் விறைத்து, கிழிக்கும்போது பக்கவாட்டில் ஓடும். அறுத்த அன்றே உயரவாரியாகப் பிரித்துவிடவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பாயில் கோரை குறுக்காகத்தான் ஓடுகிறது; நீளவாட்டில் ஓடுவது நூல். ஆகவே பாயின் அகலத்தை நிர்ணயிப்பது கோரையின் உயரம். உயரமானது படுக்கைப் பாய்க்கு, நடுத்தரமானது தொழுகைப் பாய்க்கும் உட்காரும் பாய்க்கும், குட்டையானதும் முறிந்ததும் பட்டை நெசவுக்கு என்று வயலிலேயே பிரித்துக் கட்டினால் எதுவும் வீணாகாது.

பிரித்த தண்டை அன்றே கத்தியால் நெடுக இரண்டாகக் கிழித்து, சோற்றைச் சுரண்டி எடுத்துவிடவேண்டும். மறுநாள் கிழிக்கலாம் என்று கட்டோடு போட்டுவைத்தால் கட்டின் நடுவில் வெப்பம் ஏறி, நிறம் மங்கும். கிழித்ததை மெல்லிய பரப்பாக விரித்து, அடிக்கடி திருப்பிவிட்டு உலர்த்தவேண்டும். “அண்ணாச்சி, திருப்பிப் போட்டுக் காய வச்சீங்களா?” என்பதுதான் கோரை விற்க வருகிறவரைப் பார்த்து நெய்கிற பெண்கள் கேட்கும் முதல் கேள்வி. திருப்பாமல் காய்ந்த கோரை ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் பழுத்தும் இருக்கும். எந்தச் சாயமும் அதை மறைக்காது.

ஓடும் நீரில் ஊறல்

உலர்ந்த கோரையைத் தண்ணீரில் வேகவைத்து மறுபடியும் உலர்த்துவார்கள். பிறகு கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் அமிழ்த்தி, கல் வைத்துச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஊறவிடுவார்கள். கோரை நீர் குடித்து நன்றாக உப்பிவிடும். எடுத்து உலர்த்திய பிறகு அதை மேலும் மேலும் மெல்லிய இழையாகக் கிழிக்கலாம். பட்டுப்பாய் என்று சொல்லப்படும் உயர்ந்த ரகத்தின் இரகசியம் இந்த ஊறலில்தான் இருக்கிறது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்பது முக்கியம். தேங்கிய நீரில் ஊறினால் கோரை அழுகி, நாற்றமடித்து, கறுத்துவிடும். ஓடும் நீர் தண்டிலிருந்து கசியும் சாறை அடித்துச் சென்றுவிடுகிறது. சாக்கடை கலக்கும் துறைகளையும், துணி துவைத்துச் சோப்பு நீர் ஓடும் படித்துறைகளையும் தவிர்க்கவேண்டும்.

கார் சாகுபடிக்காக அணை நீர்மட்டத்தைப் பொறுத்து வழக்கமாக ஜூன் மாதத்தில் கால்வாய்களில் தண்ணீர் திறக்கப்படுகிறது. அதற்கு முந்தைய கோடையில் கால்வாய் வறண்டிருக்கும். எனவே மாசியில் அறுத்த கோரையைக் கால்வாய் அடைபடுவதற்கு முன்பே ஊறவைத்துவிடவேண்டும். இல்லையேல் உலர்த்திய நிலையில் பரணில் பத்திரப்படுத்தி, கார் தண்ணீர் வந்தவுடன் ஊறவைக்கவேண்டும். பாசன நாட்காட்டியை அறிந்தவர் விவசாயி. ஆகவே ஊறல் வரையிலான வேலையை விவசாயியே செய்து, கிழித்து ஊறவைத்த கோரையாக விற்றால் கட்டுக்குக் கூடுதல் விலை கேட்கலாம். பச்சைக் கோரையாக விற்கும்போது அந்தக் கூடுதல் கிடைக்காது.

தறியின் அமைப்பு

பத்தமடைத் தறி மிக எளிமையானது. தரையில் முளைகள் அடித்து, இரண்டு மூங்கில் கழிகளுக்கு இடையே பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டுவார்கள். முரட்டுப் பாய்களுக்கு முன்பு கற்றாழை நாரும் பாவாக இருந்தது. பாவு இழைகள் அச்சு எனப்படும் மரச்சட்டத்தின் துளைகளில் கோக்கப்பட்டிருக்கும். மிதியோ ஓடமோ கிடையாது. மெல்லிய நீண்ட குச்சியின் நுனியில் கோரையை மாட்டிப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் தட்டி நெருக்குவார்கள். அகலமான பாயில் ஒருவர் அச்சைப் பிடிக்க மற்றவர் கோரை கொடுப்பார். பாவு இழைகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு உயர்ந்த ரகம்.

வேலையின் அளவை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஆறடிப் பாய் என்பது 72 அங்குலம். அங்குலத்துக்கு 20 கோரை விழுந்தால் மொத்தம் 1,440 முறை கோரை கொடுத்துத் தட்டவேண்டும். அங்குலத்துக்கு 40 விழும் மெல்லிய கோரையானால் 2,880 முறை. கிழிக்கிற வேலையும் அதே விகிதத்தில் கூடும். நடுவில் நூறு கோரை அறுந்தால் நூறு முறை நெசவு நின்று போகிறது. கோரை நன்றாயிருந்தால் நெசவாளியின் நாள் மிச்சமாகும் என்பது இதனால்தான்.

சாதாப் பட்டை: கற்பதற்கும் விற்பதற்கும்

பூவேலையும் எழுத்தும் இல்லாத, ஒரு சாண் அகலமுள்ள சாதாப் பட்டையை நெய்வதே புதிதாகக் கற்பவர்களுக்கு நல்ல தொடக்கம். மேசை நடுவிரிப்பு, கைப்பை, கோப்பு உறை, திரை ஓரம் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டை பயன்படும். அகலம் குறைவு என்பதால் குட்டைக் கோரையும் முறிந்த கோரையும் செலவாகும். தனியாளாகவே நெய்யலாம். வயல் ஓரத்துக் கோரையைக் கொண்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்க ஏற்றது.

இதற்கு மடியிலோ சிறு மேசையிலோ வைத்துக்கொள்ளும் மரச்சட்டத் தறி போதும். உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். அச்சில் ஒரு துளை, ஒரு நீண்ட பிளவு என்று மாறி மாறி இருக்கவேண்டும். துளையில் கோத்த இழை அச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். பிளவில் கோத்த இழை இருந்த இடத்திலேயே நிற்கும். அச்சைத் தூக்கினால் ஒரு வழி, அழுத்தினால் மறு வழி திறக்கும். சாதா நெசவுக்கு வேண்டியது இந்த இரண்டு வழிகள்தான்.

செய்முறை வருமாறு:

1. பட்டையின் அகலம் 9 அங்குலம். அங்குலத்துக்கு 8 இழை வீதம் 72 இழை. இரு கரையிலும் உறுதிக்காக இரண்டிரண்டு இழை கூடுதல். ஆக 76 இழை. பாவின் நீளம் 2 மீட்டர் என்றால் 152 மீட்டர் நூல் வேண்டும்; முடிச்சுக்கும் சேதாரத்துக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளவேண்டும். முறுக்கேறிய பருத்தி நூலே நல்லது.

2. எல்லா இழையும் ஒரே விறைப்பில் இருக்கவேண்டும். கட்டி முடித்ததும் உள்ளங்கையால் பாவின் குறுக்கே தடவிப் பார்க்கவேண்டும். தொய்ந்த இழை கைக்குத் தெரியும். அதை அப்போதே இறுக்கவேண்டும்.

3. கோரையை 13 அங்குல நீளமாக நறுக்கவேண்டும். இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மடித்துச் செருகுவதற்கு வேண்டும்.

4. நறுக்கிய கோரையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். தண்ணீரில் போட்டு வைக்கக்கூடாது. ஈரத்தில் உப்பியபடி நெய்த கோரை காய்ந்ததும் சுருங்கும். பட்டையில் இடைவெளி விழும்.

5. கோரையின் அடி சற்றுப் பருமனாகவும் நுனி மெலிந்தும் இருக்கும். ஒருமுறை அடியை வலப்பக்கம் வைத்தால் அடுத்த முறை இடப்பக்கம் வைக்கவேண்டும். இதைத் தவறவிட்டால் பட்டை ஒரு பக்கம் வளர்ந்து, வாள் போல வளைந்துவிடும்.

6. ஒரு வழியில் கோரை கொடுத்து, அச்சால் தட்டி, வழியை மாற்றி மறுபடியும் ஒருமுறை தட்டவேண்டும். தட்டும் வேகம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றுபோல் இருக்கட்டும்.

7. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக் கரை இழையைச் சுற்றி மடக்கி, அடுத்த வழியில் செருகவேண்டும். இழுத்து இறுக்கக்கூடாது. இறுக்கினால் கரை உள்வாங்கி, பட்டையின் இடுப்பு சிறுத்துப்போகும். ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை அளவுகோல் வைத்து அகலத்தைச் சரிபார்க்கவேண்டும்.

8. நெய்து முடித்ததும் தறியிலேயே ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, தளர்ந்த கோரைகளை அச்சால் மெதுவாக நெருக்கிவிட்டு, பிறகே அறுத்தெடுக்கவேண்டும். பாவு நுனிகளை முடிச்சிட்டு, மேலே துணிக்கரை வைத்துத் தைத்துவிடலாம்.

2 மீட்டர் பாவில் முனைகள் போகச் சுமார் ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அங்குலம் நெய்யலாம். அங்குலத்துக்கு 20 கோரை என்றால் 1,200 துண்டு. 39 அங்குலத் தண்டு ஒன்றிலிருந்து மூன்று நீளமும், ஒவ்வொரு நீளத்திலும் நான்கு கிழிசலுமாகப் பன்னிரண்டு துண்டு எடுத்தால் 100 தண்டு போதும். சேதாரம் பாதி என்று தாராளமாக வைத்தாலும் 200 தண்டு. ஐந்து சென்ட் கோரையில் இது ஒரு சிறு பங்கு. கற்பவர்கள் முதலில் அங்குலத்துக்கு 12 கோரை விழும் பருமனில் தொடங்கி, கை பழகியதும் மெல்லியதற்குப் போகலாம்.

குறைகள் காட்டும் காரணங்கள்

பூவேலை உள்ள பாயில் கண் பூவின் மேல் போகிறது. சாதாப் பட்டையில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆகவே வயலிலும் துறையிலும் நடந்த பிழைகள் எல்லாம் அதில் தெரிந்துவிடும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கோரை மழையிலோ பனியிலோ கிடந்திருக்கிறது, அல்லது தேங்கிய நீரில் ஊறியிருக்கிறது என்று பொருள். மடக்கும் இடத்தில் ஒடிந்தால் முற்றிய பிறகு அறுத்திருக்கிறார்கள். மேற்பரப்பு சொரசொரத்தால் சோறு முழுவதும் நீங்கவில்லை. நிறம் பட்டை பட்டையாக மாறினால் வெவ்வேறு நாளில் அறுத்ததைக் கலந்திருக்கிறார்கள். இந்தக் குறைகளைத் தறியில் திருத்த முடியாது. கோரை தரும் விவசாயி நெய்கிற வீட்டுக்கு ஒருமுறை போய், தான் கொடுத்த கோரை பட்டையாகி வந்ததைப் பார்ப்பது நல்ல பயிற்சி.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைப் பயன்படுத்தினார்கள். இப்போது இரசாயனச் சாயங்களே பெரும்பாலும் புழங்குகின்றன. நன்றாக உலர்ந்த கோரையின் இயல்பான வெளிர்நிறத்துக்குத் தனி அழகு உண்டு. சாதாப் பட்டைக்குச் சாயம் கட்டாயமில்லை. சாயக் கழிவைக் கால்வாயில் விடக்கூடாது. அதே நீர்தான் அடுத்த ஊரின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் போகிறது.

வங்காளத்திலும் ஜப்பானிலும்

விளைவிப்பவரும் நெய்பவரும் அருகருகே இருந்தால் என்ன நன்மை என்பதற்கு மேற்கு வங்காளம் நல்ல எடுத்துக்காட்டு. மேதினிப்பூர் பகுதியில் சபங் வட்டாரத்தில் மாதுர்காட்டி என்ற பெயரில் இதே கோரைக் குடும்பப் பயிரை வயலில் முறையாகச் சாகுபடி செய்கிறார்கள். அறுத்ததை அந்தந்த ஊரிலேயே பாயாக நெய்கிறார்கள். மஸ்லந்து என்ற அவர்களது நுண்பாய் நமது பட்டுப்பாய்க்கு உறவுமுறை. மாதுர்காட்டிக்கு 2018ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே குறியீட்டுக்குப் பின்னால் வயலும் இருக்கிறது.

ஜப்பானில் வீட்டுத் தரையில் பதிக்கும் தத்தாமிப் பாய்க்கு இகுசா என்ற நாணல் வகையை விளைவிக்கிறார்கள். குமமோட்டோ மாநிலத்தின் யாட்சுஷிரோ பகுதி இதற்குப் பெயர்போனது. குளிர்காலத்தில் நட்டு, ஜூன், ஜூலையில் அறுத்தவுடன் ஒருவகைக் களிமண் கரைசலில் முக்கி உலர்த்துகிறார்கள். இதனால் நிறமும் பளபளப்பும் நிலைக்கின்றன. விளைவிக்கும் விவசாயக் குடும்பமே தன் கொட்டகையில் இயந்திரத்தறியில் பாயும் நெய்து விற்பது அங்கே வழக்கம். இருந்தும் சீனாவிலிருந்து மலிவான பாய்கள் இறக்குமதியானதால் இகுசா விவசாயிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவர்கள் விலையில் போட்டியிடாமல் தரத்தைக் கொண்டே நிற்கிறார்கள். நமக்கும் இதில் பாடம் உண்டு. பிளாஸ்டிக் பாயோடு விலையில் போட்டியிட பத்தமடைப் பாயால் இயலாது, தேவையும் இல்லை.

செய்யவேண்டியவை

பத்தமடையில் பாய் நெய்வோரின் கூட்டுறவு அமைப்புகளும் மகளிர் குழுக்களும் உள்ளன. அவர்கள் ஆண்டுக்கு எவ்வளவு கோரை, என்ன உயரம், எந்தப் பருமன் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கான விலையையும் நடவுக்கு முன்பே பேசிவிட்டால் விவசாயிக்குத் துணிவு பிறக்கும். விலை பேசும்போது பச்சைக் கோரை, உலர்ந்த கோரை, கிழித்து ஊறவைத்த கோரை என்று மூன்று தரமாகப் பிரித்துப் பேசவேண்டும். கட்டின் எடையை வைத்து மட்டும் விலை வைத்தால் விவசாயி பருத்த கோரையையே விளைவிப்பார். மெல்லிய கோரைக்குக் கூடுதல் விலை கொடுத்தால்தான் மெல்லியது விளையும்.

பாசனக் கால்வாய்களைச் செப்பனிடும்போது துறைகளுக்கு அருகே சிறு நீளத்துக்கேனும் மண்கரையை விட்டு, அங்கே கோரை நடலாம். ஊறல் போடுவதற்கு நீர் ஓடும் ஒரு படித்துறையை ஒதுக்கித் தரவேண்டும் என்று நீர்ப் பயன்படுத்துவோர் சங்கங்கள் பேரூராட்சியிடம் கேட்கலாம். நெய்கிறவர்களுக்கு நல்ல வெளிச்சமும், முதுகு வளையாமல் உட்கார ஏற்ற உயரத்தில் பலகையும் அமைவது கூலி உயர்வுக்கு நிகரான உதவி.

புவிசார் குறியீடு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டிய பதிவு. கட்டணம் செலுத்திப் பதிவைப் புதுப்பித்துவிடலாம். கோரைத் தூரை அப்படிப் புதுப்பிக்க முடியாது. கரையில் கடைசித் தூர் போய்விட்டால் மெல்லிய தண்டுள்ள உள்ளூர்க் கோரையைத் தேடி அலையவேண்டியதுதான். கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயிகள் வரும் மாசிக்குள் தத்தம் கரையோரங்களைச் சுற்றிப் பார்த்து, மெல்லிய கோரை எஞ்சியிருக்கும் இடங்களை அடையாளம் கண்டு, நாலு தூரையாவது பெயர்த்துத் தங்கள் நிலத்தின் கசிவு மூலையில் நட்டு வைக்கவேண்டும். சாகுபடி ஆலோசனைக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றையும் அணுகலாம். எந்தத் தூர் நல்லது என்ற ஆலோசனைக்குப் பத்தமடையில் தறி வைத்திருக்கும் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம்.